மரப்பெட்டிக்குக் காய்ச்சல் வர வைக்கும் வேலை

மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தால் இறக்கிவிட ஊர் முழுக்க டாக்டர் இருக்கிறார்கள். மரத்துக்குக் காய்ச்சல் வர வைத்து, வந்துவிட்டது என்று ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பது எங்கள் தொழில்.

சிரிக்காதீர்கள். ஒரகடத்தில் செய்கிற உதிரிபாகம் கப்பல் ஏறும்போது, அதைச் சுமக்கிற மரப்பெட்டியும் கூடவே ஏறுகிறது. மரத்துக்குள் வண்டோ புழுவோ குடியிருந்தால் அதுவும் டிக்கெட் எடுக்காமல் போய் இறங்கி, அந்த ஊர்க் காட்டையும் வயலையும் மேய்ந்துவிடும். அதனால்தான் பல நாட்டு அரசாங்கங்களும் சேர்ந்து ஒரு சட்டம் வைத்திருக்கின்றன. பெட்டி மரத்தின் நடுப்பாகம் ஐம்பத்தாறு டிகிரிச் சூட்டில் விடாமல் அரை மணி நேரம் இருக்க வேண்டும். அப்புறம்தான் கோதுமைக் கதிர் போட்ட ஸ்டாம்ப்.

பிள்ளைப்பாக்கம் ரோட்டில் அப்படிச் சூடேற்றுகிற ஒரு சின்ன யார்டில் நான் இன்சார்ஜ். பெயர் ஸ்டெல்லா. விலங்கியல் படித்தேன். புலி, யானை என்று கனவு கண்டேன், வாய்த்தது வண்டு. டிஸ்பாட்ச் செக்‌ஷனில் மாசக் கடைசியைப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால், பாதிக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஸ்டாம்ப் மட்டும்

எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான். சூடெல்லாம் வேண்டாம், ஸ்டாம்ப் மட்டும் போட்டுக் கொடுங்கள். ஓட்டலுக்குப் போய் சாப்பாடு வேண்டாம், ஏப்பம் மட்டும் கொடு என்று கேட்கிற மாதிரி இருக்கும் எனக்கு. கணேசனும் அப்படித்தான் வந்தான். விளாத்திகுளம் பக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பதை நெருங்குகிறவன். ஒரகடத்தில் கியர் பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் மூன்று வருஷமாக கான்ட்ராக்ட். முதல் தடவையாக அவர்கள் சரக்கு வெளிநாடு போகிறது, அனுப்புகிற பொறுப்பு இவன் தலையில்.

முடியாது என்றேன். அவன் கோபப்படவில்லை, என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். இந்தச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவனை பெர்மனென்ட் ஆக்குகிறேன் என்று மேனேஜர் சந்தானம் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். எட்டயபுரத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது, இவனுக்கும் பிடித்திருக்கிறது, நடுவில் நிற்பது இந்த ஒரு வார்த்தைதான். "பொண்ணு வீட்டுல என் பேரைக் கேக்கதுக்கு முன்னாடி, பெர்மனென்டான்னுதான்க்கா கேக்காக."

பட்டை

மறுநாளே பலகைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். பார்த்தேன், பகீரென்றது. பாதிப் பலகையில் ஓரமெல்லாம் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டைக்கு அடியில்தான் ஐயா வண்டு குடும்பமே நடத்தும்! விரல் அகலத்துக்கு ஏதாவது துணுக்கு ஒட்டியிருந்தால் சட்டம் விட்டுவிடும், இது கை அகலம். உரித்துவிட்டு வா என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. எங்கே கொண்டுபோய் உரிப்பான், பாவம்.

மரத்தைச் சூடேற்றுகிற அறையை நாங்கள் சேம்பர் என்போம், அதன் ஆபரேட்டர் ஏழுமலைக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைப்பாக்கத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். உளியை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் குந்தினார். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் உரித்தார்கள். எனக்கும் சும்மா நிற்கப் பிடிக்காமல் நானும் ஒரு உளியை எடுத்தேன். பலகையைப் புரட்டிக்கொண்டே ஏழுமலை சொன்னார். "மனுசன ஷூவ கழட்டு, பெல்ட்ட கழட்டுன்னு ஏர்போர்ட்டுலதான் சொல்லுவான், இங்க இன்னாடான்னா மரத்தையே சட்டைய கழட்டச் சொல்லிகினு கீறாங்க."

கரண்ட் போன மதியம்

பலகைகளில் தடிமனானதைத் தேடி, துளை போட்டு, நடுமரத்தில் சென்சார் கம்பியைச் செருகி சேம்பரை மூடினோம். கணேசன் வெளியே கண்ணாடிப் பெட்டியில் ஓடுகிற எண்ணைப் பார்த்தபடி நின்றான். கிரிக்கெட் ஸ்கோர்கூட யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஐம்பத்தாறைத் தொட்டது. நேரம் ஓட ஆரம்பித்தது. அரை மணி முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. எண் இறங்கிப் போயிற்று.

கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். விட்ட இடத்திலிருந்து எண்ண முடியாது, தொடர்ந்து அரை மணி என்பதுதான் கணக்கு. கணேசன் என்னையே பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சென்னையிலிருந்து ஆபீசர் வந்து பார்க்கும்போது அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதற்குள் சந்தானம் சார் போனில் பிடித்துக்கொண்டார். கப்பல் தேதி சொன்னார், அவசரம் சொன்னார், கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார் பாருங்கள். "ஏன் மேடம், நடுவுல கரண்ட் போனது உள்ள இருக்கிற பூச்சிக்குத் தெரியவா போகுது?"

மக்காச்சோளம்

இரண்டாவது தடவை சூடு ஏறுகிற நேரத்தில் டீ வாங்கிக்கொண்டு வந்தான் கணேசன். கையில் வேலை இல்லை, வாய் சும்மா இருக்குமா? நான் என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். வண்டு, புழு, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனால் அங்கே அதை அடக்க எதிரி இல்லை, கட்டுக்கடங்காமல் பெருகிவிடும், அதனால்தான் இத்தனை கெடுபிடி என்று. புதுசாக வருகிற எல்லோரிடமும் சொல்வதுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள்.

இவன் போனைப் பார்க்கவில்லை. டீயைக் கீழே வைத்தான். அவன் அய்யா, அதாவது அப்பா, கரிசல் காட்டில் மக்காச்சோளம் போட்டவராம். ஒரு வருஷம் படைப்புழு வந்தது. கடல் தாண்டி வந்த புழு என்று பிற்பாடு வேளாண்மை ஆபீஸ்காரர்கள் சொன்னார்களாம். குருத்துக்குள் உட்கார்ந்து தின்று, மரத்தூள் மாதிரி கழித்து வைத்திருந்ததாம். மருந்து அடித்தார்கள், சாம்பல் தூவினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மறுவருஷமும் அதே கதை. அதற்குப் பிறகுதான் இவன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறியிருக்கிறான். நான் பிரசங்கத்தை நிறுத்திக்கொண்டேன். ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தவன், கோபமே இல்லாமல் கேட்டான். "எங்க ஊருக்கு வந்த புழுவுக்கு எவன்க்கா ஸ்டாம்ப் போட்டு அனுப்பினான்?"

மாவிலைக் கொத்து

அரை மணி முழுசாக முடிந்தது. ஸ்டாம்ப் குத்தினேன். பெட்டி அடித்து, சரக்கு வைத்து, கன்டெய்னரில் ஏற்றுகிற நாளில் பூஜை, நீங்களும் வரணும் என்று எங்களையும் கூப்பிட்டார்கள். போனோம். டிரெய்லர் முன்னால் வாழைக்கன்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்தி, கன்டெய்னர் கொக்கியில், வெட்டினால்தான் திறக்கும் கஸ்டம்ஸ் பூட்டும் அடித்தாகிவிட்டது. சந்தானம் சார் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். கணேசன் புதுச் சட்டையில் இருந்தான், தரையில் கால் படவில்லை அவனுக்கு.

ஏழுமலை வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நின்று கேசரி தின்றுகொண்டிருந்தவர், திடீரென்று கழுத்தைத் தட்டிக்கொண்டு குதித்தார். செவ்வெறும்பு! நிமிர்ந்து பார்த்தால் இலைகளைப் பிசின் வைத்த மாதிரி ஒட்டி உள்ளே கூடு கட்டியிருக்கிறது. கேட் பக்கத்து மாமரத்தில் காலையில்தான் பறித்ததாம். எனக்குள் ஏதோ உறுத்தியது. மாவிலை வேறு எங்கேயாவது கட்டினாயா தம்பி என்று கணேசனைக் கேட்டேன். வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தான். "ஒரு கொத்து பெட்டிக்குள்ளயே கட்டி வச்சிட்டேன்க்கா, எலுமிச்சம்பழமும் மொளகாயும் சேர்த்து. மொத சரக்குல்லா, கண்ணு பட்டுரக்கூடாதுன்னு."

கட்டர்

கேசரியைக் கீழே வைத்துவிட்டேன். மரத்தைச் சுட்டு, பட்டையை உரித்து, இத்தனை பாடும் பட்டு, கடைசியில் பச்சை இலையையும் பழத்தையும் எறும்புக் கூட்டோடு உள்ளே வைத்துப் பூட்டியாகிவிட்டது. அங்கே திறந்து பார்த்தால் சரக்கை மடக்கிவிடுவார்கள். பெட்டி மேலே இருப்பது எங்கள் யார்டின் ஸ்டாம்ப். சொல்லவும் பயம். நான் சர்ச்சுக்குப் போகிறவள். பூஜையில் வைத்ததை எடு என்று நான் சொன்னால் அது எப்படிக் காதில் விழுமோ! ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே முன்னால் போய் கணேசனிடம் சொன்னார், அந்தக் கொத்தை எடுத்தாக வேண்டும், சாமி கேட்டால் நான் பதில் சொல்லிக்கிறேன் என்று.

கணேசன் முகத்தில் ரத்தமே இல்லை. இனி பூட்டை உடைத்தால், புதுப் பூட்டுக்கு கஸ்டம்ஸில் மறுபடி பதிந்து, வண்டி துறைமுகம் போவதற்குள் கப்பல் போய்விடும். கப்பல் போனால் மேனேஜரின் வாக்கும் அதோடு போகும். அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் "விடுப்பா, போகட்டும்" என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் நேராக சந்தானம் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, எறும்புதானே, வழியிலேயே செத்துவிடும், பேசாமல் இரு என்றார். கணேசன் பேசாமல் இருக்கவில்லை. செக்யூரிட்டி ரூமிலிருந்து கட்டரை வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் நீட்டினான். "அந்த ஊர்லயும் எவனோ ஒருத்தன் வெதச்சிருப்பாம்லா சார். நீங்களே வெட்டுங்க, இல்லன்னா நான் வெட்டுதேன்."

வாழைக்கன்று இல்லாத வண்டி

பூட்டை அவன்தான் வெட்டினான். எறும்பு கொத்தோடு நிற்கவில்லை, பெட்டிப் பலகை மேலெல்லாம் ஊர்ந்திருந்தது. ஏழுமலையும் அவனும் சட்டையைக் கழற்றிப்போட்டு ஒவ்வொன்றாகப் பெருக்கி எடுத்தார்கள், உடம்பெல்லாம் தடிப்பு. பெட்டியைத் திரும்ப யார்டுக்குக் கொண்டுவந்து, சரக்கை இறக்கி, இன்னொரு தடவை சூட்டில் வைத்தேன். சட்டம் அதைக் கேட்கவில்லை, என் மனசு கேட்டது. அந்தக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் போன சரக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் இறங்கியது. அங்கிருந்து இன்னொரு ஆர்டரும் வந்தது.

அந்த ஆர்டருக்கான பலகைகளோடு சந்தானம் சாரே வந்தார், பட்டை சுத்தமாக உரித்து. கணேசன் விஷயம் என்ன ஆச்சு சார் என்றேன். நல்ல பையன்தான் மேடம், ஆனால் கப்பலை விட்டுட்டான் இல்லையா, இந்த வருஷம் கஷ்டம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஹெச்.ஆரில் சொல்லிவிட்டார்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சேம்பருக்கு பர்னரே தேவைப்பட்டிருக்காது. நாலு வார்த்தை நன்றாகவே கேட்டேன். அவர் பலகையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார், பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

வண்டியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தான் கணேசன். அவனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், பெண் வீட்டில் என்ன சொன்னார்கள் தம்பி என்று அதையே கேட்டுத் தொலைத்தேன். தோளில் இருந்த பலகையை இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தான். "நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன்க்கா. அவ அய்யாவும் சோளம் போட்டு புழுவுக்குப் பறிகொடுத்தவருதான். ஒரு வருசந்தான மாப்ள, இருக்கட்டும்னுட்டாரு."

அரை மணி நேரம் சூட்டில் நின்ற பலகையை உலகத்து அரசாங்கமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. மூன்று வருஷம் லைனில் நின்றவனை நம்பத்தான் அவன் கம்பெனிக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டியிருக்கிறது.