ஒரே வீடு, ஒரே காய்ச்சல், ஒருவர் ரத்தம்

எனக்கும் என் கணவர் மாதேஷுக்கும் காய்ச்சல் ஒரே நாளில் வந்தது. காலையில் எனக்கு உடம்பு வலித்தது. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்தேன். மதியம் ஷிப்ட் முடியும் முன்பே அவரும் கம்பெனியிலிருந்து வந்துவிட்டார். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றார். எனக்கும் அதேதான். "பத்துப் பொருத்தமும் இருக்குதுன்னு ஜோசியர் சொன்னாரே, இதையும் சேத்துத்தான் போல" என்று சொல்லிக்கொண்டே என் போர்வையில் பாதியை இழுத்துக்கொண்டார். நான் சிரித்தேன். முதல் நாள் இப்படித்தான் இருக்கும், பயமாக எதுவும் இருக்காது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் காய்ச்சலோடு யாரையாவது படுக்க வைத்துவிட்டு, கையில் ஒரு ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எங்களுக்கு நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மாதேஷ் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தார். ஒரே மெஷினில் ஒரே ஷிப்டில் வந்த உருப்படிகளை அங்கே ஒரு லாட் என்பார்கள். லாட்டில் இருக்கும் எல்லாவற்றையும் அளக்க மாட்டார்கள். சிலதை எடுத்து அளப்பார்கள். சரியாக இருந்தால் பெட்டி முழுவதற்கும் பச்சைச் சீட்டு. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு "லாட்டு ஓகே" என்பார். மாம்பழக் கூடையில் ஒன்றை மட்டும் மோந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் வாங்கி வருவார். பெரும்பாலும் அவர் கணக்கு தப்பியதில்லை.

இரண்டாம் நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. தெருவெல்லாம் காய்ச்சலாக இருக்கிறது, டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் இருந்தால்தான் வகுப்புக்கு வரலாம் என்றார்கள். அவருடைய கம்பெனியிலும் அதே பேச்சு. எங்கள் மகள் தன்யாவை அன்று காலையே சூளகிரிப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை, அதாவது மாதேஷின் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, கிளம்புங்க, ரெண்டு பேரும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம் என்றேன்.

"ரெண்டு பேரும் எதுக்கு? ஒரே வூடு, ஒரே கொசு, ஒரே நாள்ல படுத்துட்டோம். ஒரே லாட்டு. ஒரு சாம்பிள் போதும். நீ போயி குடுத்துட்டு வா."

"ஊசின்னா பயம்னு சொல்லுங்களேன்."

"அதுவும்தான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெருமுனையில் இருந்த லேபில் டெங்கு டெஸ்ட் என்று கேட்டேன். எடுத்தார்கள். எந்த டெஸ்ட் என்று கேட்க எனக்குத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. அது ஒரு சின்ன அட்டை. அதில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், ஐஜிஎம், ஐஜிஜி (கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் இரண்டு வகை எதிர்ப்புப் புரதங்கள்) இருக்கிறதா என்று கோடு காட்டும். எனக்குக் கோடு விழவில்லை. நெகட்டிவ்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்தே விட்டார். அத்தைக்குப் போன் போட்டு எங்கள் இருவருக்கும் டெங்கு இல்லை என்று தெலுங்கில் சொன்னார். எங்கள் இருவருக்கும் என்றுதான் சொன்னார். எனக்குத் தெலுங்கு புரியும். அப்போது அது தவறாகத் தோன்றவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த எதிர்ப்புப் புரதங்கள் முதல் நாளே ரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை. உடம்பு அவற்றை உண்டாக்கவே நான்கைந்து நாள் ஆகிறது. அதற்கு முன் பார்த்தால், டெங்கு இருந்தாலும் அட்டை இல்லை என்றே சொல்லும். முதல் சில நாட்களில் பார்க்க வேண்டியது என்எஸ்1 (கிருமியே ரத்தத்தில் விடும் ஒரு புரதம்) என்ற வேறு பரிசோதனை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதால் எனக்கு ஆனது ஒன்றுமில்லை. உங்களுக்கு உதவலாம்.

ஐந்தாம் நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. எனக்கு இன்னும் லேசாகச் சுட்டது. நெற்றியைத் தொட்டுக் காட்டி, "பாரு, நான்தான் மொதல்ல தேறினேன்" என்று பெருமை அடித்துக்கொண்டார். வெந்நீரில் குளித்தார். மிளகு ரசம் கேட்டார். கம்பெனியில் ரிப்போர்ட் கேட்டால், வீட்டில் டெஸ்ட் எடுத்தாயிற்று என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கலந்த சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று யாராவது அன்று என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்களுக்குத்தான் டெங்கு இல்லையே.

மதியம் கூட வேலை செய்பவர் ஒருவர் பைக்கில் உட்கார வைத்து அழைத்து வந்தார். மாதேஷுக்கு வயிற்று வலி. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். "கேண்டீன் சாம்பார்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தார். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டால் உடம்பு குளிர்ந்துதானே இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்தார். அதன் பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மாதேஷின் கையைத் தொட்டுப் பார்த்தவுடன் நர்ஸைக் கூப்பிட்டு ட்ரிப்ஸ் போடச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"டெங்கு டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுத்தோம் மேடம். நெகட்டிவ்." ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"என்னைக்கு எடுத்தீங்க?"

"காய்ச்சல் வந்து ரெண்டாம் நாள்."

"ரிப்போர்ட்ல ரேவதின்னு போட்டிருக்கு?"

"நான்தான் மேடம்."

"இவருக்கு எடுத்தது எங்க?"

நான் ஒரே வீடு என்றேன். ஒரே நாளில் வந்தது என்றேன். சொல்லும்போது அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு பேருக்கும் இப்ப எடுத்துடலாம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். எனக்கு ஐஜிஎம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதல் முறையாக டெங்கு வந்து, உடம்பு இப்போதுதான் எதிர்க்கத் தொடங்கியிருக்கிறது. அவருக்கு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டுமே அழுத்தமாக இருந்தன. இவ்வளவு சீக்கிரம் இரண்டும் இப்படி இருந்தால், முன்பே ஒரு முறை டெங்கு வந்திருக்கிறது என்று பொருள். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போன உடம்பில் வேறொரு வகை நுழைந்தால் சில சமயம் மோசமாகத் தாக்கும் என்றார்.

"முன்னாடி எப்பவாச்சும் இப்படி வந்துச்சாங்க?" என்று அவரைக் கேட்டார்.

மாதேஷ் யோசித்தார். "பொம்மசந்திரால ரூம் எடுத்துத் தங்கியிருந்தப்ப ஒருதடவை வந்துச்சுங்க. டெஸ்ட்டெல்லாம் எடுக்கல. நெலவேம்பு குடிச்சோம், சரியாப்போச்சு."

அது எங்கள் திருமணத்துக்கு முன்பு, பெங்களூர்ப் பக்கம் அவர் இருந்தபோது. அறையில் இருந்த மற்றவர்களுக்கும் அப்போது காய்ச்சலாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருக்குப் பிசிவி (ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் அளவு) ஏறிக்கொண்டே போனது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேர்கிறது என்றார்கள். தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்துகொண்டே வந்தன. ஷாக் என்ற சொல்லை அங்கேதான் கேட்டேன். அதிர்ச்சி அடைவதல்ல, ரத்த ஓட்டம் குறைந்து உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்வது. அவரை மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கீழே பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். நானும் நோயாளி என்பது அதுவரை யாருக்கும் நினைவில் இல்லை, எனக்கும்தான்.

வார்டில் நான் தூங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மேலே அவர் அப்படிக் கிடக்க, கீழே நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். எழுப்பி ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் தூங்கினேன். உடம்பு தன் வேலையை மட்டும் பார்த்தது.

அத்தை தன்யாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தக்காளித் தோட்டத்தில் கட்டியிருந்த புடவையோடே வந்தார். என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "வாடிகி ஏமி காது கதா?" என்று கேட்டார். அவனுக்கு ஒன்றும் ஆகாதுதானே என்று. டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு மேலே போய் அவரைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"தன்யா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. பக்கத்து வூட்ல தோசை சுட்டுக் குடுத்தாங்களாம்."

"உனக்குக் கவுண்ட்டு எவ்ளோ?"

"ஏறுதுங்க. காலையில ஏறியிருக்குதுன்னு சொன்னாங்க."

அவர் முகம் தெளிந்தது. "உன்னுது ஏறுதுன்னா என்னுதும் ஏறிடும். ஒரே லாட்டுதான?"

ஆமாம் என்றேன். நேரமாகிவிட்டது என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள், டாக்டர்கள் வார்டு சுற்றும் நேரத்தில் அவர் இறந்துபோனார். என்னிடம் வந்த நர்ஸ் முதலில் தீர்ந்துபோன பாட்டிலை மாற்றி, நீர் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டார். டாக்டரம்மா வந்து, முடிந்ததை எல்லாம் செய்தோம் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அன்று எனக்குத் தட்டணுக்கள் நன்றாக ஏறியிருப்பதாகவும் அவரே சொன்னார். வேறு யார் சொல்வார்கள்.

சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இறுதிச் சடங்குக்கு அத்தை ஊருக்குப் போனேன். கையில் ட்ரிப்ஸ் ஊசி அப்படியே இருந்தது, திரும்பி வர வேண்டும் என்று எடுக்கவில்லை. அழ வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொள்ளும்போது அது இடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

காரியத்தன்று எனக்குப் பசித்தது. பல நாட்களாகக் கசந்த வாயில் அன்று சோறு ருசித்தது. கேட்டு வாங்கி மறுபடியும் சாப்பிட்டேன். என் உடம்பின் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அது தேறுவதைத் தடுத்து நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. உள்ளங்கை அரித்தது, தேறும் அடையாளம் என்றார்கள். சில மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டெங்குவுக்குப் பிறகு அப்படி ஆகும், மறுபடி வளரும் என்றார்கள். வளர்ந்தது.

காய்ச்சல் வந்த ஒவ்வொருவருக்கும் தனியாக ரத்தம் பாருங்கள். எத்தனையாம் நாள் என்று லேபில் சொல்லி, அதற்கேற்ற பரிசோதனையைக் கேளுங்கள். முதல் ரிப்போர்ட் இல்லை என்று வந்தாலும் டாக்டர் சொல்லும் நாளில் மறுபடியும் எடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியோ, வாந்தியோ, கை ஜில்லிட்டுப் போவதோ இருந்தால் உடனே கிளம்புங்கள். பாதிச் சோறு அங்கேயே இருக்கட்டும்.

போன மழைக்கு எனக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். வேறொரு லேப். அங்கே இருந்த பெண் ரிப்போர்ட்டை நீட்டும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"பயப்படாதீங்கக்கா. என்எஸ்1 இல்ல, ஐஜிஎம்மும் இல்ல. இது சாதாக் காய்ச்சல்தான்."

"ஐஜிஜின்னு போட்டு பாசிட்டிவ்னு இருக்குதே?"

"அது பழசுக்கா. எப்பவோ வந்து போயிருக்கும். வந்தது ரத்தத்துல அப்படியே இருந்துக்கும். அதனால இப்ப ஒண்ணும் ஆவாது."

"எவ்ளோ பழசுன்னு தெரியுமா?"

"அதெல்லாம் காட்டாதுக்கா. பழசுன்னு மட்டும்தான்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். ஊர்ப் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் இறந்து எவ்வளவு நாளாகிறது என்று யார் கேட்டாலும் சட்டென்று சொல்வேன். அன்று எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. மாதேஷ் சிங்காரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதே அவர் ரத்தத்தில் இந்தப் பழைய ஐஜிஜி இருந்தது. தாலி கட்டும்போது இருந்தது. தன்யாவை முதன்முதலில் கையில் வாங்கும்போதும் இருந்தது. பொம்மசந்திராவில் நிலவேம்பு குடித்து எழுந்த நாளிலிருந்து, தெரியாமலே அதோடுதான் அவர் நடமாடினார், சிரித்தார், என்னோடு இருந்தார். இப்போது எனக்கும் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும்.