ஐந்து கிலோ பையும் என் முட்டியும்

முட்டியில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஏழு கிலோவுக்கு மேல் தூக்காதே என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மூன்று நாள் காட்டுப் பயணம். எங்கள் மலையேறும் கூட்டத்தை நடத்தும் அக்கா, "சனிக்கிழமை முழுப் பையோட கொடிமலை ஏறி இறங்கு. முட்டி வலிச்சா நீ வரல" என்றார். முப்பது வருடமாகக் காடு மலை நடக்கிற எனக்கே பரீட்சை. எரிச்சலாக இருந்தது.

நான் முதலில் தூக்கியது கித்தான் பை. மழையில் நனைந்தால் இன்னொரு ஆளைச் சுமப்பது போலிருக்கும். கூடாரத் துணியை ஒருத்தர், இரும்புக் கம்பியை ஒருத்தர் என்று பிரித்துத் தூக்குவோம். மண்ணெண்ணெய் அடுப்பு கசிந்து சோறெல்லாம் நாறும். பிறகு நைலான் வந்தது, அலுமினியக் கம்பி வந்தது. இப்போது கூடாரம் ஒரு பப்பாளிப்பழ எடைதான். அடுப்பு உள்ளங்கையில் அடங்குகிறது. ஜார்ஜ்டவுனில் மலையேறும் சாமான் விற்கும் கடைக்காரர், எடை குறையப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டச் சொன்னார். அது முட்டாள்தனம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மற்றதையெல்லாம் வாங்கினேன்.

வீட்டில் அடுக்கிப் பார்த்தால் ஐந்து கிலோ. பாதிப் பை காலி. அப்படியே மூட மனம் வரவில்லை. நெத்திலி போட்ட மிளகாய்ச் சம்பல் ஒரு டப்பா, சார்டின் மீன் டின் நாலு, அரிசி, முறுக்கு, எவர்சில்வர் சட்டி. மறுபடி எடை பார்க்கவில்லை.

பாதி மலையிலேயே முட்டி வலித்தது. வழியிலிருந்த தேநீர்க் குடிலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் பையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு திறந்தார்.

"கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போறியா?"

"இடம் இருந்துச்சு, வச்சேன்."

"கூடாரம் செய்றவன் மண்டைய ஒடச்சு எடையக் கொறச்சா, நீ சார்டின் வச்சு நெரப்புற. நல்லாருக்கு லா."

"மூணு நாளும் சுடுதண்ணி ஊத்துன பொட்டலச் சோறா? நாய்கூடத் தின்னாது."

"அப்ப நாயோட வீட்ல இரு."

முறுக்கை அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தேன். அரிசி, டின், சட்டி எல்லாம் தேநீர் போடும் சீனப் பெரியவருக்குப் போனது. சம்பல் டப்பாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பிடுங்கித் தன் பையில் போட்டார்.

இறக்கத்தில்தான் முட்டி உண்மையைச் சொல்லும். மெதுவாக இறங்கினேன். அடிவாரத்தில் அக்கா கேட்டார்.

"வலிக்குதா? பொய் சொல்லாத."

"ஏறும்போது வலிச்சது. இப்ப இல்ல."

என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, வா. காட்டுக்கும் சம்பலை நானே தூக்குறேன். ஆனா பாதி எனக்கு."

முக்கால்வாசி அவரே தின்பார் என்று தெரியும். சரி என்றேன்.