பூஜையில் வைத்த பென் டிரைவ்

எங்கள் சொசைட்டி கிளப் ஹவுஸின் பின்னறையில் நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் கிடந்தன. குடியிருந்த ஒருவர் தன் ஆபீஸை மூடியபோது கொண்டுவந்து இறக்கினார். அப்புறம் வீட்டையும் விற்றுவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்த விண்டோஸின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. செக்ரட்டரி அவற்றைப் பங்கார் என்பார். பழைய இரும்புக்கு இந்த மராத்தி ஊர் நிக்டி முழுக்க அதுதான் வார்த்தை, எங்கள் வீட்டிலும் அதுதான்.

அந்த அறை என் மனைவிக்கு வேண்டும். ஞாயிறு காலையில் அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், எங்கள் வீட்டு ஹாலில். பிள்ளைகள் என்றால் சாதாரணப் பிள்ளைகள் இல்லை. "ஆன்ட்டி, மேரா பென்சில் சோபாக்கு நீச்சே போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அதைத் தமிழ் என்று நம்புகிற பிள்ளைகள். புத்தகத்தைக் காட்டினால் கொட்டாவி விடும். திரையைக் காட்டினால் நிமிர்ந்து உட்காரும். இடம் நெருக்கம் என்று ஏற்கெனவே இரண்டு வீடுகளில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் இரண்டு வீடு நின்றால் வகுப்பே இல்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, நாளைக்கு வருவீங்கல்ல என்று கேட்பாள். அந்தக் குரலைக் கேட்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

செக்ரட்டரிக்கு அந்த அறையில் கேரம் போர்டு போட வேண்டும். தசராவுக்கு உத்காடன், அதாவது திறப்பு விழா. நான் போய்ச் சண்டை போட்டேன். கம்ப்யூட்டர்கள் ஓடும், பிள்ளைகள் படிக்கும், உங்கள் கேரத்தைப் பார்க்கிங்கில் போடுங்கள் என்றேன். அவர் என்னை எப்போதும்போல அண்ணா என்றார். தெற்கத்திக்காரன் எல்லாருமே அவருக்கு அண்ணாதான். தசரா காலையில் டெம்போவோடு வருவேன், பெட்டி ஓடினால் அறை உங்களுக்கு, ஓடாவிட்டால் பெட்டி டெம்போவுக்கு என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வேலை பார்த்தது கசார்வாடியில் ஒரு வொர்க்ஷாப் ஸ்டோரில். நட்டு, போல்டு, வாஷர். அதனால் மேல்மாடிக் கோயம்புத்தூர்ப் பையனிடம் போனேன். பையன் என்கிறேன், அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஐடியில் இருக்கிறான். விண்டோஸுக்குப் பதிலாகக் காசு கேட்காத லினக்ஸ் இருக்கிறது, பழைய பெட்டியிலும் ஓடும் என்றான். அதுவரைக்கும் நல்லவனாகத்தான் இருந்தான். எந்த லினக்ஸ் என்று கேட்டேன். அங்கேதான் தொலைந்தேன். அதில் நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். அவன் தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான்.

"எல்லாத்தையும் நம்மளே ஒண்ணொண்ணாக் கட்டிக்கோணுங்க அங்கிள். அப்பத்தானுங்க உள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

"எனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேண்டாம்ப்பா. வெளிய 'அ' வரணும். அவ்வளவுதான்."

அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் ஒரு நல்ல விஷயம் சொன்னான். கம்ப்யூட்டரில் ஏற்றாமலே, பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டிப் பார்க்கலாமாம். பிடிக்காவிட்டால் உருவிவிட்டால் போதும். ஒரே ஒரு பென் டிரைவில் ஒவ்வொரு லினக்ஸாக மாற்றி மாற்றி எழுதித் தருகிறேன் என்றான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எது சுலபம் என்று இன்டர்நெட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சொல்கிற எவனும் புதிதாகப் பழகுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் அசல் ஆள் இருந்தாள். அவளையே பின்னறையில் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தேன். திறக்க வேண்டும், 'அ' அடிக்க வேண்டும், அடித்ததைச் சேமிக்க வேண்டும், அணைக்க வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்டவள் அவள்.

முதலாவது பார்க்க அழகு. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் யோசித்தது. அது யோசிக்கிற நேரத்துக்கு அவள் ஒரு கட்டு வெந்தயக் கீரையை மடியில் வைத்து ஆய்ந்து முடித்துவிட்டாள். இரண்டாவது வேகம், ஆனால் எல்லாவற்றையும் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தது. அணைக்கிற இடம் கிடைக்காமல் தேடித் தேடி, கடைசியில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். நான் வாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

மூன்றாவதின் பெயர் மிண்ட். கீழே இடது மூலையில் ஒரு மெனு, அதில் எல்லாம் இருந்தது, அணைக்கிற பொத்தான் உட்பட. தமிழ் விசைப்பலகையை அவளே தேடிச் சேர்த்துக்கொண்டாள். 'அ' வந்தது. சேமித்தாள், அணைத்தாள், எழுந்தாள். "இது பரவால்ல" என்றாள். முப்பது வருஷத்தில் என்னைப் பற்றி அவள் அவ்வளவு சொன்னதில்லை.

இப்படித் தேர்ந்தெடுப்பதிலேயே நவராத்திரி தீர்ந்துவிட்டது. சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் உட்கார்ந்து நான்கிலும் ஏற்றிவிடுவது என்று திட்டம். பென் டிரைவைத் தேடினேன், காணோம். பூஜை அறையில் இருந்தது. பிள்ளைகளின் அரிச்சுவடி, கத்தரிக்கோல், என் ஸ்பேனர் செட், எல்லாவற்றுக்கும் மேலே பென் டிரைவ். சந்தனம், குங்குமம், ஒரு துண்டு சாமந்தி. கிளப் ஹவுஸுக்கு ஓடினேன். நான்கு பெட்டிக்கும் பொட்டு வைத்து, என் வேட்டியால் மூடியிருந்தாள்.

வைத்ததை மறுநாள் காலை பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. தெரியும். எங்கப்பா தாபோடி குவார்ட்டர்ஸில் அன்றைக்கு சைக்கிளைக்கூடத் தொட மாட்டார், நடந்தே போவார். ஆனால் அவருக்கு மறுநாள் டெம்போ வரவில்லை.

"உன் கிளாஸுக்குத்தாண்டி இவ்வளவும்."

"என் கிளாஸுக்குத்தாங்க பூஜையும். உங்க அவசரத்துக்கு சரஸ்வதிய எந்திரிக்கச் சொல்ல முடியுமா?"

மேல்மாடிக்கு ஓடினேன். இன்னொரு பென் டிரைவில் எழுதித் தரச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரன் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றான். அவன் லேப்டாப்பும் பூஜையில் இருந்தது. ஆபீஸிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்களாம், போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டிருந்தான். "வீட்டுல விட மாட்டேங்கறாங்க அங்கிள்" என்று கிசுகிசுத்தான். பெரிய கம்பெனியில் பெரிய ஆள். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

காலையில் அவள் கற்பூரம் காட்டியதும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வேட்டியை உருவி, செருகினேன். ஒன்றுமில்லை. மூடி இல்லாத பென் டிரைவின் வாய்க்குள் சந்தனம் போய்க் காய்ந்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், ஊதினேன், அதன் குலத்தையே திட்டினேன். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. நான்காவதில் செருகும்போது மிண்ட் எழுந்தது. வெளியே டெம்போ ஹாரன் அடித்தது.

செக்ரட்டரி வந்தார். கையில் ஆப்டா இலை. தசராவுக்கு இங்கே அது வழக்கம், தங்கம் என்று சொல்லி எனக்கும், என் பின்னாலேயே வந்து நின்ற அவளுக்கும் கொடுத்தார். கொடுத்துவிட்டு மற்ற மூன்று திரைகளையும் பார்த்தார். ஒன்றுதானே ஓடுகிறது என்றார். மத்தியானத்துக்குள் மற்றதும் ஓடும் என்று கத்தினேன். டெம்போக்காரன் மத்தியானம் வரை நிற்க மாட்டான் என்றார் அவர். நான் வாசலில் கையை விரித்து நின்றேன். வேறு என்ன செய்வது?

அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்று மராத்தியில் சொன்னாள். தமிழைச் சேர்த்த அதே இடத்துக்குப் போய் மராத்தியைச் சேர்த்தாள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்ற படத்தையும் திரையில் திறந்து வைத்தாள். எனக்கு அது இருப்பதே தெரியாது.

அவர் மவுஸை, தப்பித்துப் போகிற தவளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். ஒரு விரலால் தேடித் தேடிக் குத்தினார். எட்டிப் பார்த்தேன். 'சூச்சனா' என்று அடித்திருந்தார். அறிவிப்பு. அந்த மனிதருக்கு உலகத்தில் கேரத்தைவிடப் பிடித்தது அதுதான். பால்கனியில் துணி உதறாதே, லிஃப்டில் சைக்கிள் ஏற்றாதே என்று கையால் எழுதி ஒட்டிக்கொண்டே இருப்பார். அவர் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது, அதனால் யாரும் கேட்பதும் இல்லை. இப்போது சொல் தெளிவாக, பெரிதாக, கறுப்பாக நின்றது. அவர் பின்னால் சாய்ந்து அதைப் பார்த்தார். வெளியே டெம்போக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். அவனைப் போகச் சொல்லு என்று தலையைத் திருப்பாமலே என்னிடம் சொன்னார்.

அரை மணி நேரம் குத்தி, திரையைப் போனில் படம் எடுத்து, சொசைட்டி வாட்ஸப் குழுவில் போட்டார். ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை பின்னறை தமிழ் வகுப்புக்கு. மற்ற நாட்களில் சாயங்காலம் செக்ரட்டரி வேலைக்கு. செருப்பு வெளியே. கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் அணுக வேண்டியவர் என்று என் பிளாட் நம்பர், கொட்டை எழுத்தில்.

என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் அதற்குள் போனை எடுத்து, நின்றுபோன அந்த இரண்டு வீடுகளில் முதல் வீட்டுக்கு அடித்துவிட்டாள்.

"இடமெல்லாம் நெறைய இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை அனுப்பிடுங்க" என்றாள். வருவீங்கல்ல என்று கேட்கவில்லை.

நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முதல் பெட்டிக்குப் போனேன்.