ஒன்றில் நிற்கும் முள்

இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கிறது. வலது கை மட்டும் ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள் போய் எதையோ திருகுகிறது. மூவாயிரம் வோல்ட் புழங்குகிற இடத்தில் இரண்டு கையையும் விட்டால், மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும், நடுவில் நெஞ்சு இருக்கிறது என்பது குஸ்மாவின் பயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கை வெளியே வராது. பழக்கம் முற்றிப்போய், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லும்போதுகூட மனிதர் ஒற்றைக் கையால்தான் அணைப்பார்.

கோர்ச்சுலா தீவில் படகுகளுக்கு மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கல்வேலி. என் பக்கம் ஆலிவ் மரங்கள். அவர் பக்கம் இருபது மீட்டர் அலுமினியக் கம்பம் ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதுதான் ஆன்டெனா. அமெச்சூர் வானொலிக்காரர்களில் இவர் நூற்றறுபது மீட்டர் அலைவரிசையைக் கட்டிக்கொண்டு அழுகிற ரகம். தூரம் போகச் சொன்னால் அடம்பிடிக்கிற அலை அது. ஏன் இந்த வம்பு என்று கேட்டால், "சுலபமா போய்ச் சேர்றதுக்கு ரேடியோ எதுக்குங்க, சைக்கிள் போதுமே!" என்பார்.

வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னால் மீட்டரைக் காட்டுவார். ஆம்ப்ளிஃபயர் அனுப்புகிற சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் மோதித் திரும்புகிறது என்று சொல்கிற முள் அது. ஒன்றில் நின்றால் எதுவுமே திரும்பவில்லை என்று அர்த்தம். இவருடையது ஒன்றைவிட்டு அசையாது. "பாத்தீங்களா, ஒரு சொட்டுகூடத் திரும்பல. அத்தனையும் வானத்துக்குப் போகுது!" பதினோரு வருஷத்தில் நானே நாற்பது தடவை பார்த்திருப்பேன்.

நியூசிலாந்தில் இருக்கிற மைத்துனர் விட்ஸ்கோ மட்டும் நம்பவில்லை. இருவரும் இளவயதில் ஒரே கிளப்பில் மோர்ஸ் தட்டியவர்கள். இந்த அலைவரிசையில் ஒரே ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்று இருபத்தேழு வருஷமாக முட்டி மோதுகிறார்கள், நடக்கவில்லை. போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை விட்ஸ்கோ ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம். அங்கே ஆன்டெனா வைக்க விடமாட்டார்கள். மிச்சம் ஆறே ஆறு மாலைகள். இங்கே மாலை ஏழு மணி என்றால் அங்கே காலை ஏழு. இரண்டு பக்கமும் இருட்டாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வழி.

"மாப்ளே, உன் முள்ளு உன்னை ஏமாத்துது. கம்பத்தடியில எத்தனை கம்பி புதைச்சிருக்க?"

"நாலு."

"நாலா! நாலை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் பீத்திக்கிட்ட? கம்பி பத்தாம, பாதியைத் தரை தின்னுட்டு கமுக்கமா இருக்குடா. தின்னது எப்படித் திரும்பி வரும்? முப்பது போடு."

குஸ்மா முனகிக்கொண்டே போட்டார். கம்பி கூடக் கூட, தரை தின்னாமல் விட்டது ஆன்டெனாவில் மோதித் திரும்ப, முள் ஒன்றைவிட்டு விலகியது. பன்னிரண்டு போட்டதும் ஒன்றரைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், புதிதாகப் புதைத்ததையெல்லாம் உருவிச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்! முள் பழையபடி ஒன்றுக்கு வந்துவிட்டதாம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி தோப்ரிலா வந்துவிட்டாள்.

"யோவ், உனக்கு முள்ளு முக்கியமா, எங்கண்ணன் முக்கியமா?"

"அதில்லடி, முள்ளு ஏறினா ஆம்ப்ளிஃபயர் தாங்காது..."

"தாங்கலேன்னா தாங்க வை. நாப்பது வருஷமா நான் உன்னைத் தாங்கல?"

மண்வெட்டியை எடுத்துத் தன் கீரைப் பாத்தியையே நடுவில் பிளந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க தோப்புலயும் பத்து கம்பி வரும்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நானும் போய்க் கம்பி இழுத்தேன்.

வெள்ளி மாலைக்குள் முப்பத்திரண்டு கம்பி. முள் கிட்டத்தட்ட இரண்டு. ஆம்ப்ளிஃபயர் டக்கென்று தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அந்த மாலையும் வீண். ஆம்ப்ளிஃபயர் தாங்குகிற அளவுக்காவது முள்ளை இறக்க, சனிக்கிழமை பகல் முழுவதும் குஸ்மா கம்பத்தின் காலடியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் செம்புக் கம்பியைச் சுற்றி, கிளிப்பை ஒவ்வொரு சுற்றாக நகர்த்திப் பார்த்தார். முள் இறங்கி வந்தது, ஒன்றைத் தொடவில்லை. "போய்த் தொலையட்டும்" என்று எழுந்தார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஏழு மணிக்கு ஆம்ப்ளிஃபயரின் இரண்டு குமிழ்களையும் மாற்றி மாற்றித் திருகினார். இந்த முறை அது அணையாமல் அடங்கிப் போயிற்று. மோர்ஸில் தட்டிக் கூப்பிட்டார், கேட்டார், மறுபடி கூப்பிட்டார். ஏழு பத்துக்குத் திடீரென்று பென்சிலைப் பாய்ந்து எடுத்தார். "மச்சான்டி! மச்சானேதான்!" எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. மெல்லிசாக, ஆனால் தெளிவாகக் கேட்கிறது என்று தட்டியிருந்தார் விட்ஸ்கோ. இருபத்தேழு வருஷம்!

ஆனால் அங்கே விடிந்துகொண்டிருந்தது. சத்தம் தேயத் தொடங்கியது. விடைபெறும்போது கடைசியாக இரண்டு புள்ளி தட்டுவது மோர்ஸ்காரர்களின் வழக்கம். விட்ஸ்கோ தட்டிவிட்டார். பதிலுக்கு இவர் தட்ட வேண்டும்.

"போயிட்டானாய்யா?" என்றாள் தோப்ரிலா.

குஸ்மா ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். நகக்கண்ணில் இன்னும் மண் ஒட்டியிருந்த அவள் விரலைப் பிடித்து மோர்ஸ் சாவியின் மேல் வைத்தார். அதன் மேல் தன் விரலை வைத்து இரண்டு முறை அழுத்தினார்.