கோடில்லாத பூனைக்குக் காவல்

ஸ்டெல்லா டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையோடு சேர்ந்து வந்தது. புவனகிரிப் பள்ளியில் அவரிடம் படித்து, இப்போது சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார்.

"பெயிண்டர் மாமா, டீச்சர் காலைல போயிட்டாங்க. சங்கத்துல பேசிட்டோம். அந்தப் புலிச் செவுத்துக்கு வெள்ளையடிச்சிட்டு டீச்சர் மொகத்த பெருசா வரையணும். நீங்கதான் வரணும்."

"யாரு மொகத்த எதும்மேல வரையச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். மீதிப் பதில் இது. உங்கள் சங்கத்தின் அஞ்சலி மலரில் போட்டால் போடுங்கள்.

உலகத்திலுள்ள பெரிய பூனை இனங்களைப் பள்ளிச் சுவரில் வரைய வேண்டும் என்று டீச்சர் என்னை அழைத்தபோது, எனக்குத் தெரிந்தது ஒரே புலிதான். கடலூர் செம்மண்டலத்தில் போர்டு எழுதுபவன் நான். திருவிழாவுக்குத் திருவிழா புலிவேஷக்காரர்களுக்கு மஞ்சள் பூசி, முதுகில் கோடும் வயிற்றில் புள்ளியுமாகப் போட்டுப் பழகிய கை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. யாரும் குறை சொன்னதுமில்லை.

முதல் நாளே டீச்சர் குறை சொன்னார். சிங்கத்தை நடுவில் பெரிதாகவும் வேங்கைப் புலியைப் பக்கத்தில் சிறிதாகவும் போட்டிருந்தேன்.

"ராஜா சிங்கந்தானே டீச்சர்?"

"ராஜாவ யாரு ஓட்டுப் போட்டு எடுத்தாங்க? ஒடம்புல வேங்கைதான் பெருசு. அழிங்க."

கோபித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். டீச்சர் பஸ் ஏறி என் கடைக்கே வந்தார். சமாதானம் பேசவில்லை. "உங்களுக்குக் கோவம்னு வேங்கை சுருங்கிடாது பெயிண்டரே. கெளம்புங்க" என்றார். கிளம்பினேன்.

சிறுத்தையையும் ஜாகுவாரையும் ஒன்றுபோல வரைந்திருந்தேன். புத்தகத்தில் படத்தைக் காட்டி, ஜாகுவாரின் வட்டங்களுக்குள்ளே புள்ளி வைக்கச் சொன்னார். பனிச்சிறுத்தையை வரையும்போது, அதற்குக் கர்ஜிக்க வராது என்றார். "அப்பறம் எதுக்கு அது பெரிய பூனைங்க கூட?" என்றேன். "சத்தம் போடாதவங்கள வெளிய அனுப்பணும்னா, இந்த ஸ்கூல்ல நீங்களும் நானுந்தான் மிஞ்சுவோம்" என்றார்.

கடைசியாக பூமா. உடம்பில் கோடு இல்லை, புள்ளி இல்லை. பெற்றோர் சங்கத் தலைவர் வந்து பார்த்தார்.

"என்னம்மா டீச்சர், நாய வரைஞ்சு வச்சிருக்கீங்க?"

"பூமாங்க. அமெரிக்காவுல இருக்குற பூனை."

"எதுவோ ஒண்ணு. ரெண்டு கோட இழுத்துவுடச் சொல்லுங்க. பாக்குறவன் புலின்னு நம்புவான்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தூரிகையைக் கறுப்பில் தோய்த்துவிட்டேன். டீச்சர் எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் சேலையில் கறுப்பு ஒட்டியது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்குக் கோடு கெடையாது. போட மாட்டோம்."

தலைவர் தன் கோபத்தை என்னிடம் தீர்த்துக்கொண்டார். சுவரில் பெயிண்டர் பெயர் எழுதக் கூடாது என்றார். இன்றுவரை இல்லை. அதை நான் மறக்கவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு புது வகுப்பையும் அங்கே நிறுத்தி, "இது செம்மண்டலம் பெயிண்டர் வரைஞ்சது" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதை எனக்குச் சொன்னவர்களே நீங்கள்தான்.

அந்தச் சுவருக்குத்தான் இப்போது வெள்ளையடிக்கச் சொல்கிறீர்கள், அதுவும் அவர் பெயரைச் சொல்லி. பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. டீச்சரை அங்கே வரைகிறேன், அவர் கண்ணாடியும் கோபமும் அப்படியே வரும். பூனைகள் மேல் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு பட்டாலும், பூமாவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு வயதாகிவிட்டது, எழுப்புவது கஷ்டம்.

டீச்சருடைய புகைப்படம்கூட என்னிடம் இல்லை. நான் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சு. அன்று என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, போட மாட்டோம் என்றார். இன்று அவரையும் என்னோடு சேர்த்துக்கொண்டு சொல்கிறேன்: அழிக்க மாட்டோம்.