இம்மானுவேல் பார்த்த பி ஷிப்ட்

இரண்டு பேர் ஒரே ஆள்சேர்ப்பு முகாமில் ஒன்றாக ஓடி, ஒரே ரயிலில் ஏறிப் போய், பதினேழு வருஷம் கழித்து ஒரே மாதத்தில் பென்ஷனோடு ஊர் திரும்பினால், அதில் ஒருவனுக்கு மட்டும் மனசு எப்படி அடங்கும்? இம்மானுவேலைப் பார்க்கும்போதெல்லாம் பூவராகவனுக்கு இந்தக் கேள்விதான் வரும். கேள்வி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் அது வயிற்றெரிச்சல்.

இருவருக்கும் பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்கு அருகில் ஒரே ஊர். ஊர் ஒன்றுதான், தெரு வேறு. பூவராகவன் வீட்டுக்கு ஆற்றையொட்டி நாலு ஏக்கர் நெல் வயல் உண்டு. இம்மானுவேலின் அப்பா அந்த வயலில் வரப்பு வெட்டியவர், அம்மா ரோசம்மாள் நடவு நட்டவர். பட்டாளத்தில் அதெல்லாம் மறந்துபோனது, அல்லது மறந்துவிட்டதாகப் பூவராகவன் நினைத்தான். லீவில் வரும்போது ரிசர்வேஷன் கிடைக்காமல், ஒரே பலகையில் தலைமாடு கால்மாடாகப் படுத்து இரண்டு ராத்திரி பயணம் செய்திருக்கிறார்கள்.

பூவராகவன் துப்பாக்கி தூக்கினான். இம்மானுவேல் மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளன். மனம் குழம்பிய சிப்பாய்களை வைத்திருக்கும் வார்டில் அவனைப் போட்டார்கள். யாரும் கேட்டு வாங்காத டூட்டி அது. கால் உடைந்தவனைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார்கள். மனசு உடைந்தவன் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். இம்மானுவேல் உட்கார்ந்தான். அந்தக் கட்டில்களுக்கு நடுவே தபாலில் பி.ஏ. படித்தான், பிறகு உளவியலில் எம்.ஏ. லடாக்கில் லே ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தபோது, விடுப்பு நாட்களில் மலைமேல் இருந்த பௌத்த மடத்துக்குப் போய்வந்தான். தியானத்துக்கு ஒன்றும் போகவில்லை, அங்கே அடுப்பு இருந்தது, குளிருக்கு ஒதுங்கினேன் என்றுதான் அவனே சொல்வான். ஒதுங்கியவன் திரும்பி வரும்போது பெட்டியில் பாதி பௌத்தப் புத்தகமாக இருந்தது.

ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வழிதான்: செக்யூரிட்டி. பூவராகவன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையின் கேட்டுக்குப் போனான். இம்மானுவேல், முப்பத்தேழு வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் மருத்துவ உளவியல் படித்தான். இப்போது நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அவனுக்கு ஓர் அறை, வாசலில் பெயர்ப்பலகை. டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால், "டாக்டர் இல்லங்க, நான் மருந்து எழுதமாட்டேன்" என்று திருத்துவான். அந்தத் திருத்தமும் பூவராகவனுக்கு எரிச்சல். டாக்டர் என்று கூப்பிடச் சொன்னால்கூட, திமிர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாமே.

பூவராகவனுக்குக் காலை ஷிப்ட் இருக்கும் வாரங்களில் இருவரும் கவரைப்பேட்டையில் ஒரே மின்சார ரயிலில்தான் ஏறுவார்கள்.

"இன்னாடா, மதம் மாறிட்டியா? உங்கம்மா சர்ச்சுல அழுவுதாமே?"

"மாறலடா. ஞாயித்துக்கெழம நான்தான் இட்டுக்கினு போறேன், கூட நின்னு பாடவும் பாடறேன். சும்மா கேட்டுக்கினு இருக்கேன்."

"யார கேட்டுக்கினு இருக்க?"

"அது தெரில. அதான் கேட்டுக்கினே இருக்கேன்."

முன்பு இம்மானுவேல் தன் மிலிட்டரி கேன்டீன் கோட்டா பாட்டில்களைப் பூவராகவனுக்கே கொடுத்துவிடுவான். லேயிலிருந்து வந்த பிறகு வாங்குவதே இல்லை.

"நீ குடிக்காத. வாங்கி எனக்குக் குடுத்தா உன் புத்தர் கோச்சிக்குவாரா?"

"அவரு கோச்சிக்கமாட்டாரு. உன் ஊட்டுக்காரம்மா கோச்சிக்கும்."

ஊட்டுக்காரம்மா திலகவதி, அந்த விஷயத்தில் இம்மானுவேல் கட்சி. "அந்தண்ணன் பேசினா ஜன்னல தொறந்தா மாரி இருக்குது. நீயும்தான் பேசற, ஷட்டர இழுத்து வுட்டா மாரி" என்பாள். பூவராகவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான்.

ஒருநாள் ரயிலில் இம்மானுவேல் தானாகவே ஒன்று சொன்னான். புத்தர் வழியில் மனசைப் பழக்க நாலு விஷயம் இருக்கிறதாம். அன்பு, இரக்கம், சமநிலை, இவற்றோடு முதிதை என்று ஒன்று. "அடுத்தவன் நல்லா இருக்கறத பாத்து நாம சந்தோசப்படறது. நாலுல அதுதான்டா கஷ்டம். எனக்கு இன்னும் வரல." பூவராகவன் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைத்தான் குத்துகிறான் என்று எடுத்துக்கொண்டு, கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் எத்தனையோ நாள் அதை மென்றான்.

எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல் இந்தி. பட்டாளம் இருவருக்கும் கொடுத்த அதே இந்தி. ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள் நிறைந்த அந்த ஆலையில் பூவராகவன் அந்த இந்தியில் கத்துவான்: வரிசையில் நில், பையைத் திற, ஓடாதே. அதே ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அதே இந்தியில் இம்மானுவேலிடம் அழுதுவிட்டு வந்தார்கள். வந்து கேட்டில் நின்று, "டாக்டர் சாப் நல்ல மனுஷன்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தன்னிடம் அவர்கள் பேசியதெல்லாம் 'ஜி சார்' மட்டும்தான்.

ரஞ்சன் என்ற ஒடிசாக்காரனின் கண்ணெதிரே ஒரு கூட்டாளியின் கை உருளைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து ரஞ்சனுக்குத் தூக்கம் இல்லை. புதன்கிழமைகளில் நாலு மணிக்கு அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நிர்வாகம் சம்மதித்திருந்தது. கேட்டில் அவன் காட்ட வேண்டியது ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆறாவது புதன்கிழமை பூவராகவன் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தான். கீழே இம்மானுவேலின் கையெழுத்து, அதன் கீழே படிப்பு, அதன் கீழே பதிவு எண். தன் கேட்டை அந்தக் கையெழுத்து திறக்கிறது.

"இது செல்லாது, உள்ள போ" என்றான் இந்தியில்.

"டாக்டர் சாப் கூப்பிட்டிருக்கார். நீங்க எப்படி நிறுத்தலாம்?" என்றான் ரஞ்சன்.

பூவராகவன் விட்ட அறை ரஞ்சனின் காதில் இறங்கியது. செவிப்பறை கிழிந்தது. அடுத்த ஷிப்டில் ஒருவரும் உருளைப் பக்கம் போகாமல் வேலையை நிறுத்தினார்கள்.

மனிதவளத் துறையில் இருக்கும் விமல், பூவராகவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். "சார், போலீஸ் வேணாம்னு ரஞ்சனே சொல்லிட்டான். ஆனா நீங்க மனநல லெட்டர் ஒண்ணு வாங்கினு வந்தாதான் கேட்டுல நிக்க முடியும். இல்லனா செக்யூரிட்டி ஏஜென்சிகிட்ட வேற ஆள் கேட்டுருவோம்." எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பெனி ஒப்பந்தம் வைத்திருந்தது இம்மானுவேலின் ஆஸ்பத்திரியோடு மட்டும்தான்.

பெண்ணுக்கு நர்சிங் கல்லூரி இரண்டாம் வருஷம். நாலு ஏக்கரிலும் இரண்டு போகமாகத் தண்ணீர் இல்லை. அந்த வேலை போனால் வேறு கேட்டும் கிடைக்காது. தொழிலாளியை அடித்தவன் என்ற பேர் சிப்காட்டில் அவனுக்கு முன்னால் நடந்து போகும்.

அவன் செய்தது பட்டாளத்துக்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மேலதிகாரியிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் கேன்டீன் பாட்டில் என்று பதினேழு வருஷம் பழகியவன், ஒரு ரம் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனான். ஏஞ்சலின் என்ற நர்ஸ், புதிதாக வரும் எல்லோருக்கும் கொடுப்பதுபோல ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்து நடையில் உட்காரவைத்தாள். சரி, தவறு என்று டிக் போட வேண்டும். பட்டாளத்தில் வருஷா வருஷம் மருத்துவச் சோதனை நடக்கும். உடம்பும் மனசும் முழுத் தகுதி என்றால் 'ஷேப் ஒன்' என்று பதிவார்கள். அதற்கு ஒரே வழி, எதைக் கேட்டாலும் ஒன்றும் இல்லை என்பது. அந்தப் பழக்கத்தில் அவன் எழுதினான். எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை: சரி. நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை: சரி. பிறரைப் பார்த்து ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை: சரி.

அந்த டிக் போடும்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரின் சிரிப்பு. ஒன்று இம்மானுவேலுடையது, அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பூவராகவனுக்குச் சட்டென்று கணக்குக்கு வரவில்லை. கதவு திறந்தது. காதில் பஞ்சோடு ரஞ்சன் வெளியே வந்து, அவனைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, ஒதுங்கி நடந்துபோனான்.

"அவன்கூட இன்னாடா சிரிப்பு?" என்றுதான் உள்ளே போனதும் கேட்டான்.

"அத உன்கிட்ட சொல்லக்கூடாது. பையில இன்னா?"

"கேன்டீன் சரக்கு. உனக்கு வேணாம்னா உங்க பெரிய டாக்டருக்குக் குடு. ஷேப் ஒன்னுன்னு எழுதிக் குடுத்துடு, நான் கெளம்பறேன்."

இம்மானுவேல் தாளைப் பார்த்தான். மெதுவாகப் புரட்டினான். "ராகவா, இதுல பன்னெண்டு கேள்வி, ஒழுங்கா பதில் சொல்றாங்களான்னு பாக்க வெச்சது. பன்னெண்டுலயும் மாட்டிக்கினே. இந்தத் தாள் செல்லாது. அது போவட்டும். உன்ன நான் பாக்கவே கூடாது. தெரிஞ்சவங்கள நாங்க பாக்கறதில்ல, அது தொழில்ல முக்கியமான விதி. சென்னையில செண்பகம்னு ஒரு மேடம் இருக்காங்க. மூணு வாரம், மூணு தடவ போய்ட்டு வா. அவங்க எழுதுவாங்க."

"மூணு வாரமா? அதுக்குள்ள கேட்டுல வேறொருத்தன் குந்திடுவான்."

"தெரியுது."

"தெரிஞ்சும் ஒரு கையெழுத்து போட மாட்ட?"

"மாட்டேன்டா."

அப்போதுதான் அது வாயில் வந்தது. "உங்கப்பன் எங்க வரப்புல குந்திக்கினு கஞ்சி குடிச்சவன். நீ எனக்கு சர்டிபிகேட் குடுக்கமாட்டியா?"

"ஆமா, குடிச்சாரு" என்றான் இம்மானுவேல். பிறகு கம்பெனிக்குக் கடிதம் எழுதினான்: இவரைச் சிறுவயது முதல் தெரியும், அதனால் நான் மதிப்பிட முடியாது, மூன்று வாரம் அவகாசம் தரவும். முதல் தாளில் எழுத்து பிசகி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு தாளில் எழுதினான். அதைப் பார்த்ததும் பூவராகவனுக்கு, சொல்ல வெட்கப்படக்கூடிய ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, இவனுக்கும் அடங்கவில்லை.

விமல் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையை விரித்தான். "வெயிட் பண்ணலாம் சார். ஆனா கேட் காலியா இருக்கக்கூடாது. திங்கக்கெழம ஏஜென்சி ஒரு எக்ஸ்-சர்வீஸ்மேன அனுப்புவாங்க. அந்தாளு செட்டாய்ட்டா, அவர எடுத்துட்டு உங்கள போட நான் எப்டி சொல்றது?"

வீட்டில் திலகவதி கேட்டாள்: "அந்தண்ணன்கிட்ட நீ இன்னா பேசின? மொகமே சரியில்லயே."

"ஒண்ணுமில்ல" என்றான்.

செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போனான். செண்பகம் வயதானவர், அதிகம் பேசாதவர். அன்று ஏன் கை ஓங்கியது என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்றாவது தடவை அவன், "அந்தச் சீட்டுல அவன் பேர பாத்தேம்மா" என்றான். சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவனாகவே கேட்டுக்கொண்டான்.

திரும்பும்போது கவரைப்பேட்டையில் இறங்காமல் கும்மிடிப்பூண்டி வரை போனான். தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் எவன் என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி, பி ஷிப்ட் மாறும் நேரம். எதிரே டீக்கடையில் நின்று பார்த்தான்.

கேட்டில் ஏஜென்சியின் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு இம்மானுவேல் நின்றிருந்தான்.

வெள்ளிக்கிழமையே தன் பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுபோய் ஏஜென்சியில் பதிந்திருக்கிறான், மூன்று வாரத்துக்கு மட்டும், பி ஷிப்ட் மட்டும் என்று. ஆஸ்பத்திரி நேரத்தைக் காலை எட்டிலிருந்து ஒன்று வரை என்று மாற்றிக்கொண்டான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது பூவராகவன் பார்த்தது வரிசையைத்தான். யாரும் கத்தாமலே வரிசை நின்றது. தன் கேட்டில், தன் வரிசை. ரஞ்சன் வந்தான். இம்மானுவேல் சிரிக்கவில்லை, சலுகையும் காட்டவில்லை. பையைத் திறக்கச் சொன்னான், டிபன் பாக்ஸையும் திறக்கவைத்துப் பார்த்தான், போகச் சொன்னான். இதையும் இவன் என்னைவிட நன்றாகச் செய்கிறான் என்று பூவராகவனுக்குக் கசந்தது.

சாலையைக் கடந்து போய் நின்றான். "இன்னாடா வேஷம் இது?"

"டூட்டி."

"எனக்காவவா? இல்ல, நான் சொன்னதுக்கு என் மூஞ்சில அறையறியா?"

இம்மானுவேல் அவன் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தான். "லோடு வண்டி வருது ராகவா. ஒதுங்கி நில்லு."

தெரிந்தவரைப் பார்க்கக் கூடாது என்ற விதிக்காக நண்பனின் வேலையைப் பணயம் வைத்தவன், தன்னிடம் மனம் திறந்து அழுத ஆட்களின் பைகளைத் தினமும் சோதித்தான். அது எந்த விதிக்குள்ளும் அடங்காது, அவனுக்கே தெரிந்திருக்கும். கேட்டில் அவனைச் சீருடையில் பார்த்துக் கூசிப்போன ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அதைச் சரியென்று சொல்ல முடியாது. ரோசம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்: "இத்தினி படிச்சிட்டு கேட்டுல நிக்கறியே, இன்னா கேடுடா உனுக்கு?" ஏன் என்று ஏஞ்சலின் கேட்டாள். திலகவதி வீடு தேடிப் போய்க் கேட்டாள். இம்மானுவேல் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரித்து அனுப்பிவிட்டான்.

பூவராகவன் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். முதல் வாரம் அது பழிவாங்கல். இரண்டாம் வாரம், புத்தர் வேஷம். மூன்றாம் வாரம், ஒருவேளை அவனுக்கும் என்மேல் ஏதாவது பொறாமை இருந்திருக்குமோ, வரப்பின்மேல் நின்று வேலை வாங்கியவன் வீட்டுப் பிள்ளையாக ஒருநாளாவது நிற்க வேண்டும் என்று இருந்திருக்குமோ என்று தோன்றியது. மூன்றும் பொருந்தின, மூன்றும் பொருந்தவில்லை.

செண்பகத்தின் கடிதம் வந்து, பூவராகவன் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, இம்மானுவேல் சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துபோனான். அந்த மூன்று வாரத்தில் ஒருநாளும் அவன் ஷிப்டுக்குத் தாமதமாக வந்ததில்லை. ஏன் வந்தான் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.