ஒப்பா என்று கூப்பிட்டவள்

கொரியப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தவள் என் தங்கை. பிளஸ் டூவில் அவளோடு படித்த லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணின் அத்தா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த டிவி தொடரில் வரும் பிள்ளைகள் அவர்கள். பத்துப் பதினைந்து டிவிடி இருக்கும். நான் அப்போது அரியலூரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப்போகாத பிளேயர் ஒன்றைச் சரிசெய்து பெரம்பலூர் வீட்டில் வைத்திருந்தேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. வாத்தியாரின் செருப்பை ஒளித்துவைப்பார்கள், மதில் ஏறிக் குதித்து மாட்டிக்கொள்வார்கள், வகுப்பில் தூங்கி வழிவார்கள். கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்துத் தங்கை எங்களுக்குத் தமிழில் சொல்வாள். அதில் பாதி அவளாகச் சேர்த்துக்கொண்டது. இதுங்க எப்பத்தான் படிக்கும் என்று கேட்டுக்கொண்டே அம்மா ஒரு பாகம் விடாமல் பார்த்தாள்.

அதில் ஒரு பெண், தனக்குப் பிடித்த சீனியர் பையனை மூச்சுக்கு முன்னூறு தரம் 'ஒப்பா' என்பாள். அம்மா காதில் அது 'அப்பா' என்று விழுந்தது. அப்பனையே காதலிக்கிறாளா, கருமம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா இல்லைம்மா, அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தங்கை விளக்கினாள். அதற்கு அப்பனே தேவலை என்றாள் அம்மா. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு ஒப்பா. நான் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போதே வாசலில் நின்று கத்துவாள். எதிர்வீட்டு அக்கா காதிலும் அது அப்பாவாகத்தான் விழுந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை அண்ணனையே அப்பா என்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்ல, வேப்பந்தட்டையில் இருந்த பெரியப்பா வரை அது போய்விட்டது.

ரிசல்ட் வந்தது. தங்கைக்கு நல்ல மார்க். திருச்சியில் பி.எஸ்சி. சேர அப்ளிகேஷன் நிரப்பி, காப்பாளர் கையெழுத்துப் போடும் இடத்தை எனக்காக விட்டுவைத்திருந்தாள். அந்த வாரம் பெரியப்பா ஆண்டிமடத்திலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். முந்திரிக்காடு இருக்கிற குடும்பம். அவள் படிக்கட்டும் என்றுதான் நான் ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"அந்தப் புள்ளயே உன்ன அப்பான்னு கூப்புடுதாமே. அப்பன் எடத்துல இருக்கறவன் நல்லபடியா முடிச்சு வைக்க வேணாமா?"

அது டிவிடியில் வந்த விளையாட்டுப் பேச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்துமூன்று வயது மடையனுக்கு அந்தப் பெயர் இனித்தது. பெரிய மனுஷன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, சரிங்க பெரியப்பா என்றேன். உள்ளே அம்மா அழுதாள். நிம்மதியிலா, வேறெதிலா என்று நான் கேட்கவில்லை.

அவர் போன பிறகு தங்கை அப்ளிகேஷனோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"நான் அண்ணன்னுதானே கூப்ட்டேன். நீ எதுக்கு அப்பாவா ஆன?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, வாயை மூடு என்று அதட்டினேன். டிவிடிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். இன்னும் நாலு பாகம் பாக்கி இருந்தது. அந்தப் பிள்ளைகள் பாஸ் ஆனார்களா என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர்தான், குறை சொல்ல முடியாது. அதையே சொல்லிச் சொல்லி இத்தனை வருடமாக மனசைத் தேற்றப் பார்க்கிறேன். பாழும் மனசு தேறவில்லை.

தலை தீபாவளிக்கு அழைக்க ஆண்டிமடம் போனேன். வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் கறை. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்றே பேசியவள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்."